மலிவுச் சாமானின் மறைவான விலை

திருவண்ணாமலையில் கார்த்திகை மாதம் மகா தீபம் ஏற்றுகிறார்கள். மலையின் உயரம் 2,668 அடி. உச்சியில் பெரிய கொப்பரை. அதிலே ஆயிரக்கணக்கான கிலோ நெய். இத்தனையும் இருந்தும் திரி சரியில்லாவிட்டால் என்ன ஆகும்? தீபம் நின்று எரியாது. நெய்யின் விலையைப் பார்த்தால் திரித் துணியின் விலை அற்பம். ஆனால் அவ்வளவு நெய்யும் அந்தத் துணியை நம்பித்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக் கருவிகளும் அப்படித்தான். யந்திரம் பெரியதாக இருக்கும். உயிரோ அதிலுள்ள ஒரு சின்னச் சாமானை நம்பியிருக்கும். அந்தச் சாமானில் நாலு காசு மிச்சம் பிடித்தால், அதற்கான விலையை வேறொருவர் கொடுக்க வேண்டி வரும்.

துணிப் பட்டை செய்யும் குழப்பம்

ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். கையில் ஒரு துணிப் பட்டையைச் சுற்றுகிறார்கள். அதற்குள் ரப்பர் பை இருக்கிறது. காற்று அடைத்ததும் அது உப்பிக் கையை இறுக்குகிறது.

இந்தப் பட்டை கைக்குத் தகுந்த அளவில் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை போட்டால், அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டை போட்டால், குறைத்துக் காட்டும்.

எல்லோருக்கும் ஒரே அளவுப் பட்டை வாங்கினால் செலவு மிச்சம்தான். ஆனால் வியாதி இல்லாதவர் மாத்திரை விழுங்குவார். வியாதி உள்ளவர், "எனக்கு ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குப் போய்விடுவார். மிச்சம் ஒருவருக்கு, நஷ்டம் இன்னொருவருக்கு!

கணக்கில் வராத செலவு

ஜவ்வாது மலையிலிருந்து ஒரு கூலித் தொழிலாளி மனைவியை அழைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மலிவாக வாங்கிய யந்திரம் அன்று பழுது. "வேலூருக்குப் போங்கள்" என்கிறார்கள். பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, இரண்டு நாள் கூலி இவ்வளவும் போயிற்று. வியாதியும் இரண்டு நாள் முற்றியது. யந்திரம் வாங்கிய கணக்குப் புத்தகத்தில் இந்தச் செலவு ஏறுமா? ஏறவே ஏறாது!

பிரான்ஸில் நடந்த மோசடி

வைத்தியத்துக்கு உரிய பொருளுக்குப் பதிலாக மலிவுச் சரக்கைக் கலந்தால் என்ன நடக்கும் என்பதைப் பிரான்ஸ் தேசம் கண்டது. பெண்களின் மார்பில் ஆபரேஷன் செய்து பொருத்தும் சிலிக்கோன் பைகளை பி.ஐ.பி. என்ற கம்பெனி அங்கே தயாரித்து வந்தது. உடம்புக்கு ஏற்ற உயர்ந்த சிலிக்கோனுக்குப் பதிலாக, தொழிற்சாலை உபயோகத்துக்கான மட்டமான சிலிக்கோனை நிரப்பி விற்றது. 2010-ல் குட்டு வெளிப்பட்டது.

பிரான்ஸில் மட்டும் சுமார் 30,000 பெண்கள் அந்தப் பைகளைப் பொருத்தியிருந்தார்கள். அவற்றை எடுத்துவிடுவது நல்லது என்று 2011 டிசம்பரில் அரசாங்கம் அறிவித்தது. அந்த ஆபரேஷன் செலவையும் ஏற்றுக்கொண்டது. கம்பெனியின் தலைவருக்கு 2013-ல் நான்கு வருஷச் சிறைத் தண்டனை விதித்தார்கள். கம்பெனி சம்பாதித்த லாபத்துக்கு, பெண்கள் இரண்டாம் தடவை கத்திக்குக் கீழே படுக்க வேண்டியதாயிற்று.

மூன்று முறை தோற்ற வால்வு

அப்படியானால் மலிவு என்றாலே கெடுதலா? இல்லை. திருவனந்தபுரத்தில் உருவான சித்ரா வால்வே அதற்குச் சாட்சி.

சிறு வயதில் வரும் மூட்டு வாதக் காய்ச்சல் சிலருக்கு இருதய வால்வைக் கெடுத்துவிடும். செயற்கை வால்வு பொருத்தியே பிழைக்க வேண்டும். வெளிநாட்டு வால்வின் விலையோ ஏழைகளுக்கு எட்டாதது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் வைத்திய நிலையத்தில் டாக்டர் வலியத்தானும் அவருடைய குழுவினரும் உள்நாட்டிலேயே வால்வு செய்ய முனைந்தார்கள்.

இருதயம் நிமிஷத்துக்கு 70 தடவை துடித்தால், ஒரு நாளைக்கு 1,00,800 தடவை ஆகிறது. வருஷத்துக்குச் சுமார் 3 கோடியே 68 லட்சம் தடவை! ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வு திறந்து மூட வேண்டும். ஒரு தடவை தவறினாலும் ஆபத்து.

முதல் மாதிரியில் பற்றவைத்த கம்பி முறிந்தது. இரண்டாவதில் உலோகம் தேய்ந்தது. மூன்றாவதில் தட்டு உடைந்து, சோதனைக்கு வைத்திருந்த ஆடு இறந்தது. மூன்றையும் ஒதுக்கினார்கள். வருஷக்கணக்கில் உழைத்து நான்காவது மாதிரியைச் செய்தார்கள். அதன் தட்டு கெட்டியான ஒருவகைப் பிளாஸ்டிக். 1990 டிசம்பர் 6-ம் தேதி அது முதல் தடவையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன் பிறகு ஏராளமான பேர் அதனால் பிழைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு வால்வைவிட விலையும் குறைவு. விலையைக் குறைத்தவர்கள் சோதனையைக் குறைக்கவில்லை!

மதுரையில் 1992-ல் தொடங்கிய ஆரோலேப் நிறுவனத்தின் கதையும் இதுதான். கண்புரை ஆபரேஷனுக்கான லென்ஸை, இறக்குமதி விலையில் சிறு பகுதிக்கே அது செய்து கொடுத்தது.

வாங்கும் முறை

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்குவதற்காக 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. அங்கே டெண்டருக்கு இரண்டு உறைகள். முதல் உறையில் கம்பெனியின் தகுதி, இரண்டாவதில் விலை. தகுதி தேறினால்தான் விலை உறையைப் பிரிப்பார்கள். வந்த மருந்தின் மாதிரியையும் கம்பெனிப் பெயரை மறைத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்புவார்கள். தரத்தைப் பார்த்த பிறகே விலையைப் பார்க்கும் இந்த ஒழுங்கு எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் ஏற்றது.

வீட்டுக்கு வாங்கும்போது

இப்போது வீடுகளிலும் கருவிகள் வந்துவிட்டன. 2020 ஏப்ரல் முதல் வைத்தியக் கருவிகள் யாவும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துள்ளன. ஆகவே கருவி வாங்குகிறவர்கள் தயாரிப்பாளர் பெயரும் லைசென்ஸ் எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து, பில் கேட்டு வாங்க வேண்டும்.

ரத்த அழுத்தக் கருவியின் பட்டை கைக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை பார்க்கும் கருவி வாங்குமுன், அதில் ஒவ்வொரு தடவையும் செருகும் சோதனைப் பட்டையின் விலையை விசாரிக்க வேண்டும். கருவி மலிவாக இருக்கும். பட்டைக்கே மாதாமாதம் பணம் போகும்! புதிய கருவியை ஒரு தடவை டாக்டரிடம் எடுத்துப் போய், அவருடைய கருவியோடு ஒத்துப் பார்ப்பதும் நல்லது.

கடைக்காரரிடம் "என்ன விலை?" என்று கேட்பது சரிதான். "சோதித்துப் பார்த்ததா? பழுதானால் யார் சரி செய்வார்கள்?" என்ற இரண்டு கேள்விகளை அதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும்.