பலாக் கட்டையும் செம்புச் சுருளும்

கீரமங்கலம், வடகாடு பக்கத்துத் தோட்டங்களில் தென்னைக்கும் பூச்செடிக்கும் நடுவே பலா நிற்காத இடம் குறைவு. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பகுதியைப் புரட்டிப் போட்டபோது தென்னையோடு முதிர்ந்த பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. வைரம் பாய்ந்த பலாக் கட்டை நிலைக்கும் கதவுக்கும் மட்டும் போவதில்லை. தஞ்சாவூர் வீணையின் குடமும் மிருதங்கக் கட்டையும் தவில் கட்டையும் பலாவில் கடைவதுதான் வழக்கம். இத்தனை பேர்பெற்ற மரம் வாசலிலேயே இருக்கும்போது, சொந்தமாக ஓர் எலெக்ட்ரிக் கிட்டார் செய்துகொள்ள ஆசைப்படுபவர் மஹோகனிக்கும் ஆல்டருக்கும் வெளிநாட்டு விலை கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. இந்தக் கருவியின் குரலைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை பிக்கப்பும், தந்திக்குக் கீழே அது உட்காரும் இடமும்தான். மரத்திடம் நாம் கேட்க வேண்டியவை வேறு.

வீணையில் மரம் பாடுகிறது என்று சொன்னால் அது உண்மை. மீட்டிய தந்தி குதிரையை அசைக்கிறது, குதிரை குடத்தின் மேல்பலகையை அசைக்கிறது, பலகை காற்றைத் தள்ளுகிறது. அதனால் குடத்தை எவ்வளவு மெல்லிசாகக் குடைந்தார்கள் என்பது நம் காதுவரை வந்து சேரும். எலெக்ட்ரிக் கிட்டாரில் இந்தப் பாதையே இல்லை. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். கம்பியின் பருமன் ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர், நம் தலைமுடி அளவு. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைச் சுருள் ஒன்றில் அப்படிப்பட்ட கம்பி சுமார் 8,000 சுற்று இருக்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது, கலையும் புலம் சுருளில் மின்னோட்டத்தை எழுப்புகிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த அதே விதிதான். பிக்கப்புக்குக் காற்றின் ஒலி கேட்காது. அதன்மேல் நைலான் தந்தியைக் கட்டி எவ்வளவு ஓங்கி மீட்டினாலும் ஆம்ப் வாய் திறக்காது. மந்தரத்துக்குப் பித்தளைத் தந்தி கட்டிய வீணையில் காந்தப் பிக்கப்பை வைத்தால் எஃகுச் சாரணித் தந்தி முழங்கும், மந்தரம் காணாமல் போகும். காந்தம் மதிப்பது இரும்பையும் நிக்கலையும்தான்.

வரலாறும் இதற்குச் சாட்சி சொல்கிறது. ஜார்ஜ் போசாம்ப் 1931 வாக்கில் உருவாக்கி ரிக்கன்பேக்கர் வெளியிட்ட முதல் வெற்றிகரமான எலெக்ட்ரிக் கிட்டாரின் உடல் மரமே அல்ல, வார்த்தெடுத்த அலுமினியம். சில ஆண்டுகள் கழித்து லெஸ் பால் சாதாரணப் பைன் சட்டம் ஒன்றில் பிக்கப்பையும் தந்தியையும் பொருத்தினார். பார்க்கிறவர்களுக்குக் கிட்டாராகத் தெரியட்டும் என்று வேறொரு கிட்டாரின் இரு பாதிகளைப் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டிக்கொண்டார். டேன் ஆம்ஸ்ட்ராங் 1969-இல் வடிவமைத்தது கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் அக்ரிலிக் கிட்டார். நமக்கு நெருக்கமான சாட்சி உ. ஸ்ரீநிவாஸின் மாண்டலின். மரபான மாண்டலினில் நாதம் தட்டியவுடன் மடிந்துவிடும், நிதானமான ஆலாபனைக்கு அது இடம் கொடுக்காது. அவர் எடுத்துக்கொண்டது திண்ணுடல் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலின். இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்தாவது தந்தி ஒன்றையும் சேர்த்தார். உடல் அதிராமல் நின்றால் தந்தியின் சக்தி அதிலேயே தங்கும், நாதம் நீளும். கமகத்துக்கு வேண்டிய நேரத்தை அவருக்குக் கொடுத்தது உடலின் அந்த அசையாமைதான்.

‘அப்படியானால் கிப்சன் லெஸ் பால் கனமாகவும் ஃபெண்டர் டெலிகாஸ்டர் கூர்மையாகவும் ஒலிப்பது ஏன்? ஒன்று மஹோகனி, மற்றது ஆஷ் என்பதால்தானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இரண்டுக்கும் மரம் மட்டுமா வேறுபடுகிறது? ஒன்றில் இரட்டைச் சுருள் பிக்கப், மற்றதில் ஒற்றைச் சுருள். தந்தி நீளம் ஒன்றில் சுமார் 628 மில்லிமீட்டர், மற்றதில் 648. பிரிட்ஜ் வேறு, உடலும் கழுத்தும் சேரும் விதம் வேறு. இத்தனையும் ஒரே நேரத்தில் மாறும்போது புகழை மரத்துக்கு மட்டும் எழுதி வைப்பது சரியான கணக்கல்ல. மரத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. சில கிட்டார்களில் ஒரு குறிப்பிட்ட ஃபிரெட்டில் மட்டும் ஸ்வரம் சட்டென்று செத்துவிடும். ஜெர்மானிய ஆய்வாளர் ஹெல்முட் ஃப்ளைஷர் அளந்து பார்த்தபோது அதன் காரணம் பெரும்பாலும் கழுத்தில் இருந்தது. தந்தியின் அதிர்வெண்ணும் கழுத்தின் இயல்பான அதிர்வெண்ணும் ஒத்துப்போகும் இடத்தில் கழுத்து தந்தியின் சக்தியை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே மரத்தில் செலவழிக்கும் அக்கறையில் பெரும்பங்கு கழுத்துக்குப் போகட்டும். ரேகை நேராக ஓடுகிற, நன்றாகக் காய்ந்த, முறுகாத கட்டையாக அது இருக்க வேண்டும்; உள்ளே எஃகுக் கம்பியும் வேண்டும். பலாவில் ரேகை பின்னிக்கொண்டு ஓடுவதால் கழுத்துக்கு மேப்பிளோ நல்ல தேக்கோ மேல்.

உடலுக்குப் பலா தாராளமாகப் போதும், ஆனால் ஒரு குறை உண்டு. பலாவின் அடர்த்தி கனமீட்டருக்கு 600 கிலோவை ஒட்டி இருக்கும், ஆல்டருடையது 450 சொச்சம். ஆல்டரில் 2 கிலோ வரும் உடல் பலாவில் இரண்டரை கிலோவைத் தாண்டும். திருவிழா மேடையில் நள்ளிரவு தாண்டியும் தோளில் தொங்கப்போகும் கருவிக்கு இந்த அரைக் கிலோ அற்பமல்ல. மேல்பலகையை ஒட்டும் முன் உள்ளே அறைகள் குடைந்துவிட்டால் எடை இறங்கும். பிரிட்ஜ் உட்காரும் நடுக் கட்டை மட்டும் திண்ணென்று இருக்கட்டும். புயலில் விழுந்த மரமோ வெட்டிய மரமோ, பலகையாக அறுத்து நிழலில் காற்றோட்டமாக அடுக்கி, அங்குலத்துக்கு ஓராண்டு என்ற பழைய கணக்கில் காயவிடுவது நல்லது. உடல் பருமன் சுமார் 45 மில்லிமீட்டர் என்பதால் இரண்டு ஆண்டுப் பொறுமை வேண்டும். ஈரம் காயாத பலகையில் கழுத்துக் குழி நகரும், திருகு தளரும்; எந்தப் பிக்கப்பும் அதைச் சரிசெய்யாது. ஒரே கட்டையில் கடைந்தால்தான் மதிப்பு என்ற எண்ணமும் உண்டு, வீணையில் ஏகாண்ட வீணைக்கு இருக்கும் மரியாதை அதற்கு வழி வகுத்திருக்கலாம். ஒட்டு வீணையும் கச்சேரிக்குப் போகிறது. கிட்டார் உடலை இரண்டு பலகையாக ஒட்டுவதால் குறை ஏதும் வராது, கோணலும் குறையும்.

பிக்கப்பில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. ஒற்றைச் சுருள் தெளிவாகப் பேசும், ஆனால் அது ஆன்டெனாவும் கூட. சீரியல் லைட், டிம்மர், டியூப் லைட் நிறைந்த நம் ஊர் மேடையில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கிளப்பும் இரைச்சல் முழுவதையும் பிடித்துக் கொடுத்துவிடும். 1955-இல் கிப்சனில் சேத் லவர் உருவாக்கிய ஹம்பக்கர் இதற்கு விடை. இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, காந்தத் துருவங்களையும் எதிரெதிராக வைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக எழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது, தந்தியின் குறிப்பு மட்டும் கூடுகிறது. அதற்கு விலையும் உண்டு. சுருளின் தூண்டல் கூடுவதால் மேல்ஸ்தாயிக் கூர்மை கொஞ்சம் மழுங்கும். மெல்லிசைக் குழுவோடு மேடையேறுபவருக்கு இது கொடுக்க வேண்டிய விலைதான். வீட்டிலும் ஸ்டுடியோவிலும் வாசிப்பவர் ஒற்றைச் சுருளை எடுத்துக்கொண்டு, உட்குழிகளுக்குச் செம்புத் தாள் ஒட்டினால் நிறைய இரைச்சல் அடங்கும்.

பிக்கப் உட்காரும் இடமும் குரலின் ஒரு பகுதி. 648 மில்லிமீட்டர் தந்தியில் பிரிட்ஜிலிருந்து 162-இல், அதாவது கால் பங்கில் பிக்கப் இருந்தால், திறந்த தந்தியின் நான்காவது ஹார்மோனிக் அதற்குக் கேட்காது. அந்த ஹார்மோனிக்கில் தந்தி அந்தப் புள்ளியில் அசைவதே இல்லை. பிரிட்ஜை நெருங்க நெருங்க அசைவு சிறுத்து, மேல் ஹார்மோனிக்குகள் முன்னுக்கு வரும், குரல் கூர்மையாகும். இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தினாலே காதுக்குத் தெரியும் மாற்றம் இது; மஹோகனிக்குப் பதில் பலாவைப் போட்டால் இந்த அளவு மாற்றத்தைக் கேட்பது கடினம். சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா வழியில் கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்க நினைப்பவருக்கு இன்னொன்றும் முக்கியம். தந்திக்கு ஒன்றாகத் தனித்தனிக் காந்தக் குமிழ் உள்ள பிக்கப்பில் தந்தியை ஆழமாக இழுக்கும்போது, அது இரு குமிழ்களுக்கு நடுவே போய் ஒலி சற்றுத் தேயும். நீண்ட கமகத்தின் உச்சியில் நாதம் தேய்வது பெரிய இழப்பு. குறுக்கே ஒரே பட்டையாகக் காந்தம் ஓடும் பிளேடு வகைப் பிக்கப்பில் இந்தத் தொல்லை வராது.

குழி வெட்டும்போது ஆசாரியிடம் ஒரு சொல் சொல்லிவிட்டால் பின்னால் சிக்கல் இல்லை. இப்போது ஒற்றைச் சுருள் போடுவதாக இருந்தாலும் ஹம்பக்கர் அளவுக்கே குழி இருக்கட்டும், மேலே ஒரு தகடு மூடிக்கொள்ளும். நாளைக்கு வேறு பிக்கப் வாங்கினால் உளியை எடுக்காமல், திருகாணியைக் கழற்றி, ஒயரைப் பற்றவைத்து மாட்டிவிடலாம். பொருத்தியபின் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும். காந்தம் தந்தியை அதிகம் நெருங்கினால் அதன் இழுப்பிலேயே தடித்த தந்திகளின் சுருதி கலைந்து தள்ளாடும். அப்போது பக்கத்துத் திருகைத் திருப்பிப் பிக்கப்பைச் சிறிது சிறிதாகக் கீழே இறக்க வேண்டும், தள்ளாட்டம் நிற்கும் வரை.