ஆஸ்டெக் மக்களின் வீரர் பாடல்கள்

1521இல் ஸ்பானியரிடம் வீழ்ந்த ஆஸ்டெக் தலைநகரான தெனோச்தித்லானில், இளைஞர்கள் 'குயிகாகால்லி' எனப்பட்ட பாடல் இல்லத்தில் கூடி, வீரர் புகழையும் தெய்வங்களையும் பாடும் நாவாட்டில் மொழிப் பாடல்களை ஆடலோடு சேர்த்துப் பயின்றனர். அம்மக்களிடம் ஓவிய ஏடுகள் இருந்தன. எனினும் அவை நினைவைத் தூண்டும் குறிப்புகளாகவே பயன்பட்டமையால், முழுச் செய்தியும் ஓதுவோரின் நாவில்தான் தங்கியிருந்தது.

களத்தில் மாண்டவர்கள் நான்கு ஆண்டுகள் கதிரவனுக்குத் துணையாக உச்சிவானம்வரை சென்று, பின்னர் ரீங்காரச் சிட்டுகளாகவும் வண்ணத்துப்பூச்சிகளாகவும் மாறிப் பூக்களில் தேனருந்துவர் என்பது அவர்தம் நம்பிக்கை. ஆகவே பூவும் பறவையும் இப்பாடல்களில் வெறும் அணியாக அன்றி, இறந்த வீரர்களாகவே வருகின்றன. அவ்வாறு களத்தில் மாண்ட த்லாக்காவேபான் என்னும் இளவரசரின் பெயர் அவற்றில் மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது.

இப்பாடல்கள் 16ஆம் நூற்றாண்டில் இலத்தீன் எழுத்தில் பதிவான 'கந்தாரேஸ் மெஹிகானோஸ்' என்னும் சுவடி, இன்று மெக்சிகோ தேசிய நூலகத்தில் உள்ளது. பதிவு நடந்தது கிறித்தவத் துறவியர் காலத்தில் என்பதால் பழந்தெய்வங்களோடு புதிய மதத்தின் பெயர்களும் அதில் கலந்துள்ளன. ஆனால் தோல்முரசுக்கும் மரமுரசுக்கும் உரிய தாளச் சொற்கட்டுகள் பல பாடல்களின் தலைப்பில் குறிக்கப்பட்டிருப்பது, அவை வாசிப்புக்கன்றி ஆடிப்பாடுவதற்கே உரியவை என்பதைத் தெளிவாக்குகிறது.