வெற்றிலை அளவு நிலம்

ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாட்டில் ஆப்பிள்கிராஸ் என்று ஒரு கடலோரச் சிற்றூர். சுற்றி வரும் கடற்கரைச் சாலை 1970களில்தான் வந்தது. அதற்கு முன் பியாலாக் நா பா கணவாய்தான் வழி. கடல்மட்டத்திலிருந்து 626 மீட்டர் ஏறும் ஒற்றைத்தடச் சாலை, மேலே கொண்டை ஊசி வளைவுகள். அட்லாண்டிக்கின் ஈரக்காற்று வந்து முட்டும் மலைகள் என்பதால் மழைக்குப் பஞ்சமில்லை. கூட்டமாகச் சுற்றும் பைக் ஓட்டிகளுக்கோ இந்தச் சாலை என்றால் உயிர். பத்துப் பன்னிரண்டு வண்டிகள் கொட்டும் மழையில் வரிசையாக ஏறும். எதை நம்பி?

ஒரு சின்னக் கணக்கு போடலாம். வண்டியும் ஆளும் மூட்டையும் சேர்ந்து 300 கிலோ. பங்க்ச்சர் கடையில் “முப்பத்தாறு வைங்க” என்கிறோமே, அந்த 36 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிலோ அழுத்தம். 300ஐ 2.5ஆல் வகுத்தால் 120. சாலையைத் தொடுவது மொத்தமே ஏறக்குறைய 120 சதுர சென்டிமீட்டர்தான். சக்கரத்துக்கு ஒரு வெற்றிலை அளவு. அந்த இரண்டு வெற்றிலைகளை நம்பித்தான் பயணம்.

இப்போது மழையைச் சேர்த்துக்கொள்வோம். தொடுபரப்பு 6 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் நீளம் என்று வைப்போம். சாலையில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது. வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். முன்சக்கரம் நொடிக்கு ஒரு லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ளியாக வேண்டும். ரப்பரின் ஒவ்வொரு புள்ளியும் தரையைத் தொட்டிருப்பது ஆயிரத்தில் ஆறு பங்கு நொடி மட்டுமே. அதற்குள் வேலை முடிய வேண்டும். டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் அதற்கான வாய்க்கால்கள். பள்ளம் தேய்ந்தால் வாய்க்கால் தூர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீர் வெளியேற முடியாவிட்டால் டயர் அதன்மேல் ஏறி மிதக்கும். இதற்கு நீர்ச்சறுக்கல் என்று பெயர். 1960களில் விமானச் சக்கரங்களை ஆராய்ந்த நாசா பொறியாளர்கள் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார்கள். டயரின் காற்றழுத்தத்துக்கு வர்க்கமூலம் கண்டு 9ஆல் பெருக்கினால், மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் கணக்கில் வந்துவிடும். 36க்கு வர்க்கமூலம் 6. பெருக்கினால் 54 நாட், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர். சூத்திரத்தில் எடையே இல்லை என்பதுதான் வேடிக்கை. காற்று 25ஆக இறங்கினால் அந்த வேகமும் 83க்கு இறங்கிவிடும். பைக் டயர் குறுகலானது, நடுவில் குவிந்தது. தண்ணீரை இரு பக்கமும் பிளந்து தள்ளுவதால் அதற்கு இன்னும் கொஞ்சம் சலுகை உண்டு.

சரி, தண்ணீர் ஒதுங்கியது. ஆனாலும் ஈரம் போகவில்லையே, பிடிமானம் எங்கிருந்து வருகிறது? தாரிலிருந்து துருத்தி நிற்கும் ஜல்லிமுனைகளின் மேல் ரப்பர் அமுங்குகிறது. முனையைத் தாண்டிய பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்பக் கொஞ்சம் தயங்குகிறது. இயற்பியலிலும் இதன் பெயர் தயக்கம்தான். இந்தச் சோம்பல்தான் ஈரச் சாலையில் நம்மைக் காப்பாற்றுகிறது. வெறும் கார்பன் கரிக்குப் பதில் சிலிக்காவைக் கலந்தால், குளிர்ந்த ஈரத்திலும் ரப்பர் விறைத்துப்போகாமல் இந்த வேலையைச் செய்கிறது.

ஆட்டுமந்தை தாண்டாதபடி அந்த மலைச்சாலைகளில் குறுக்கே இரும்புக் கம்பிகளைப் பதித்திருப்பார்கள். இரும்பில் முனைகள் ஏது? தயக்கத்துக்கு வேலையே இல்லை. அதனால் வண்டியைச் சாய்க்காமல், பிரேக்கைத் தொடாமல், நேராகக் கடக்க வேண்டும். வளைவிலும் இதே கவலைதான். 30 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு 23 டிகிரி சாய வேண்டும். 30ஆகக் குறைத்தால் 13 டிகிரி போதும். வேகத்தில் கால்பங்கை விட்டுக்கொடுத்தால் சாய்வில் பாதிக்குப் பக்கமாகக் குறைகிறது. இவ்வளவு லாபமான பேரம் அபூர்வம்.

காற்றடைத்த டயருக்கு 1845இல் காப்புரிமை பெற்ற ராபர்ட் தாம்சன், 1888இல் அதை மறுபடி கண்டுபிடித்த டன்லப், உடைத்த ஜல்லியைப் பரப்பி நீர் வடியும் சாலை போட்ட மெக்காடம் மூவருமே ஸ்காட்லாந்தில் பிறந்தவர்கள். இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பூசி 1823இல் மழைக்கோட்டு செய்த மெக்கின்டாஷும் அந்த ஊர்க்காரர்தான். மழையில் பிறந்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்!

எனக்கு மிகவும் பிடித்தது, கூட்டத்தில் யாரும் வழிதவறாமலிருக்கக் கருவியே தேவைப்படாத ஒரு தந்திரம். மலைக்குள் செல்போன் சிக்னல் கிடைக்காது. மழையில் முன்வண்டியின் விளக்கும் மங்கும். எனவே குழு ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்கிறது. பிரிவுப்பாதை வந்ததும் தலைவருக்கு அடுத்து வருபவர் ஓரமாக நின்று, எந்தப் பக்கம் திரும்புவது என்று கைகாட்ட வேண்டும். எல்லோரும் கடந்து, கடைசி ஆள் வந்த பிறகுதான் அவர் கிளம்பலாம். அதற்குள் வரிசையில் மூன்றாவதாக இருந்தவர் இரண்டாவதாகியிருப்பார். அடுத்த பிரிவில் நிற்பது அவர் முறை. தலைவருக்கும் கடைசி ஆளுக்கும் மட்டும் வழி தெரிந்தால் போதும். நடுவில் இருப்பவர்களுக்கு வரைபடமே வேண்டாம். பின்னால் யார் வருகிறார், எவ்வளவு தூரத்தில் வருகிறார் என்ற கவலையும் வேண்டாம். முன்னவரைத் துரத்தி வளைவில் வேகமெடுக்கும் அவசரமும் அதோடு போய்விடுகிறது. கடைசி ஆள் மட்டும் மழையிலும் பளிச்சென்று தெரியும் மஞ்சள் ஜாக்கெட் போட்டிருந்தால் நல்லது.