எட்டு போடத் தெரியும்... எடுத்து ஓட்டத் தெரியுமா?

கையைத் தூக்குங்க பாஸ், உண்மையைச் சொல்லுங்க. எல்.எல்.ஆர். டெஸ்ட்டை நிஜமாவே நீங்களே எழுதினவங்க எத்தனை பேர்?

நான் கையைத் தூக்க மாட்டேன். மூணாவது வருஷம் இ.இ.இ. படிக்கிறேன், ஊரு திருச்சி, வயசு இருபது. பஸ் பாஸை மட்டுமே நம்பி வாழ்ந்த ஜீவன். போன செமஸ்டர் லீவுலதான் ஸ்கூட்டர் ஆசை வந்துச்சு. முன்னே மாதிரி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வரிசையில நின்னு, கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள போய், வியர்த்துக் கொட்டி எழுதறதெல்லாம் இப்போ கட்டாயம் இல்லை. பரிவாஹன் தளத்துல ஆதார் நம்பரைக் கொடுத்தா ஓ.டி.பி. வரும். ஒரு வகை வண்டிக்கு 150 ரூபாய், டெஸ்ட்டுக்கு 50 ரூபாய். அதுக்கப்புறம் சாலைப் பாதுகாப்பு பத்தி ஒரு பாடம் வீடியோவா ஓடும். அது முடிஞ்சா, கேமரா முன்னாடி உட்கார்ந்து டெஸ்ட். பாஸானா எல்.எல்.ஆரை நாமே பிரின்ட் எடுத்துக்கலாம். வீட்டை விட்டு நகராமலே எல்லாம் ஆச்சு!

கேக்க ரொம்ப நல்லாத்தான் இருக்கு, இல்லையா? இனி நான் என்ன செஞ்சேன்னு கேளுங்க.

வீடியோவை ஓட விட்டுட்டு மேகி கிண்டப் போயிட்டேன். திரும்பி வந்தப்போ யாரோ ஹெல்மெட் ஸ்ட்ராப் மாட்டிக்கிட்டு இருந்தார். சரி, நமக்குத் தெரியாததா! டெஸ்ட்டுக்கு வீட்டு நெட் சரியில்லைன்னு ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்த அண்ணன் அசால்ட்டா சொன்னார், “நீங்க கேமராவுல முகத்தை மட்டும் காட்டுங்க பாப்பா, மவுஸை நான் பாத்துக்கறேன்!” பார்த்துக்கிட்டார். மொத்த டெஸ்ட்டும் ஒரு டீ குடிக்கிற நேரத்துல ஓவர். கேள்வி என்னன்னு கூட நான் முழுசாப் படிக்கலை. வெளியே வந்ததும் ஸ்டேட்டஸ் போட்டேன், நாற்பத்திரெண்டு லைக்!

அதே வாரம் எங்க வீட்டுல இன்னொருத்தங்களும் முதல் முறையா லைசென்ஸுக்கு அப்ளை பண்ணினாங்க. எங்க அம்மா. வயசு 44.

“இத்தனை வருஷம் உங்கப்பா பின்னால உட்கார்ந்தது போதும்”னு ஒரே வரியில காரணம் சொல்லிட்டாங்க. நாற்பது தாண்டினவங்க டாக்டர்கிட்ட 1-ஏ படிவத்துல மருத்துவச் சான்று வாங்கணும். அதை வாங்கிட்டு வந்து, லேப்டாப் முன்னாடி நோட்டும் பேனாவுமா உட்கார்ந்தாங்க. வீடியோவை நிறுத்தி நிறுத்தி எழுதினாங்க. நான் சிரிச்சேன். “அம்மா, இது என்ன கேட் எக்ஸாமா?”

அந்த நோட்டை அப்புறம்தான் ஒழுங்காப் படிச்சேன். ‘வட்டம் – உத்தரவு. முக்கோணம் – எச்சரிக்கை. கட்டம் – தகவல். தலைகீழ் முக்கோணம் – வழி விடு. எட்டு மூலை – நில்.’ யோசிச்சுப் பாருங்க, நாம தினமும் பஸ் ஜன்னல் வழியா பார்க்கற போர்டுகளுக்கு வடிவத்துலயே ஒரு இலக்கணம் இருக்கு. எழுத்து அழிஞ்சு போயிருந்தாலும் வடிவத்தை வெச்சே புரிஞ்சுக்கலாம். இருபது வயசு வரைக்கும் இதை எனக்கு யாரும் சொல்லலை. சொன்ன வீடியோவையும் நான் பார்க்கலை!

அடுத்த பக்கத்துல: ‘ஆளில்லாத ரயில்வே கேட் – வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் கடக்கணும்.’ ‘மலை ரோடு குறுகலா இருந்தா, இறங்கற வண்டி ஏறற வண்டிக்கு வழி விடணும்.’ அப்புறம் ரெண்டு கோடு போட்டு: ‘ரவுண்டானா – உள்ளே ஏற்கெனவே சுத்திக்கிட்டு இருக்கற வண்டிக்குத்தான் முதல் உரிமை.’

அம்மா முதல் தடவை ஃபெயில். ஒவ்வொரு கேள்விக்கும் ஓடற கவுன்ட்-டவுனைப் பார்த்து டென்ஷன் ஆயிட்டாங்க. மறுபடி 50 ரூபாய் கட்டி, மறுபடி எழுதி பாஸ் பண்ணினாங்க. எல்.எல்.ஆர். வந்ததும் முதல் வேலையா ஸ்கேலை எடுத்தாங்க. எல் போர்டு 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாதாம், எழுத்து 10 சென்டிமீட்டர் உயரமாவது இருக்கணுமாம், வெள்ளையில சிவப்பு. நான் என்ன பண்ணினேன்? ஸ்டிக்கர் ஒட்டினா வண்டி அசிங்கமாயிடும்னு விட்டுட்டேன்.

கெத்தா, “ஏறுங்கம்மா, உறையூர் வரைக்கும் ஒரு ரவுண்டு போலாம்”னேன். அம்மா ஏறலை. “எல்.எல்.ஆர். வெச்சிருக்கறவங்க டூ-வீலர் ஓட்டினா, பின்னால சொல்லிக் கொடுக்கற லைசென்ஸ்காரர் மட்டும்தான் உட்காரலாம். எனக்கே லைசென்ஸ் இல்லை, நான் எப்படி ஏறுவேன்?” ரூல்ஸ் ராமாயணம்னு முணுமுணுத்துட்டுக் கிளம்பிட்டேன்.

அதுக்கு நாலு நாள் கழிச்சு என் பெஞ்ச்மேட்டை ஏத்திக்கிட்டுப் போனேன்.

கோர்ட் பக்கத்துல எம்.ஜி.ஆர். சிலை ரவுண்டானா. சாயங்காலம். நான் நேராத்தானே போறேன், அதனால எனக்குத்தானே வழி... நிஜமாவே அப்படித்தான் நினைச்சேன். வலது பக்கமிருந்து ஒரு ஆட்டோ சுத்தி வந்துச்சு. அது நிக்கும்னு எதிர்பார்த்தேன். அது ஏன் நிக்கணும்? அது ஏற்கெனவே உள்ளே இருக்கு. கடைசி நொடியில முன் பிரேக்கை மட்டும் முழுசா அழுத்தினேன். கீழே மண்ணு. வண்டி சறுக்கிச்சு, ரெண்டு பேரும் விழுந்தோம்.

ஆட்டோ எங்களைத் தொடக்கூட இல்லை. எனக்கு முழங்கையில சிராய்ப்பு மட்டும். அவ வலது கையை ஊன்றி விழுந்ததுல மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிடுச்சு.

ஓரத்துல இளநீர் வித்துக்கிட்டு இருந்த அண்ணன்தான் ஓடி வந்து அவளைத் தூக்கி, அதே ஆட்டோவுல ஏத்தி, ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்தார். கடையை அப்படியே போட்டுட்டு! அம்மா வந்து சேர்ந்தப்போ அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார், “ஏம்மா, என்னையும் கேஸு கீஸுன்னு அலைய விட்ருவாங்களா?” அம்மா சொன்னாங்க, “மாட்டாங்க தம்பி. 2019-ல சட்டத்துலயே சேர்த்துட்டாங்க. அடிபட்டவங்களைக் காப்பாத்தற ஆள் மேல வழக்குப் போட முடியாது. உங்க பேரைச் சொல்லணும்னு கூடக் கட்டாயம் இல்லை.” அதுவும் நோட்டுல இருந்திருக்கு: மோட்டார் வாகனச் சட்டம், 134-ஏ பிரிவு. பக்கத்துலயே ஒரு குறிப்பு: நம்ம மாநிலத்துல 2021 டிசம்பர்ல தொடங்கின ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்துல, விபத்து நடந்து முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சை செலவை அரசு ஏத்துக்குது.

அவ அப்பா வந்தார். என்னைத் திட்டவே இல்லை. “நீ சாப்பிட்டியாம்மா?”னு மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

அவளுக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு. செமஸ்டர் பிராக்டிகல் நடுவுல வந்துச்சு. ரெக்கார்டு முழுக்க நான்தான் எழுதினேன். ஆனா சர்க்யூட் கனெக்‌ஷனை நான் கொடுக்க முடியுமா? இடது கையால ஒவ்வொரு வயரா மாட்டினா, பாவம்.

சரி, எங்க கதையை விடுங்க. நாட்டுக் கணக்கைப் பாருங்க. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட 2022-ம் வருஷ அறிக்கைப்படி, அந்த ஒரே வருஷத்துல சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல 45 சதவிகிதம் கிட்டத்தட்ட டூ-வீலர்ல போனவங்க. மூணுல ரெண்டு பங்கு 18-லிருந்து 45 வயசுக்குள்ள. விபத்து எண்ணிக்கையில அந்த வருஷம் முதலிடம் எந்த மாநிலம்னு நினைக்கறீங்க? நாமதான்! 64,105 விபத்து, 17,884 உயிர். ஒரு நாளைக்கு 49 பேர். எங்க செக்‌ஷனோட ஸ்ட்ரென்த் 60.

ஆன்லைன் பாடமே வேஸ்ட்னு நான் சொல்ல வரலை. அம்மா கத்துக்கிட்டது அதே வீடியோவுலதானே! வேலைக்குப் போறவங்க, கைக்குழந்தை வெச்சிருக்கறவங்க, ஆர்.டி.ஓ. ஆபீஸ்னாலே பயப்படறவங்க எல்லாருக்கும் இது பெரிய வசதி. 2024-லிருந்து இ-சேவை மையங்கள்லயும் எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல, 18 முதல் 24 வயசுக்குள்ள முதல் லைசென்ஸ் எடுக்கறவங்களுக்கு 6 மணி நேர கோர்ஸ் கட்டாயம். அதை ஆன்லைன்லயே முடிக்கலாம். பிரிட்டன்ல இன்னும் ஒரு படி மேல. தியரி டெஸ்ட்ல 50 கேள்விக்கு 43 சரியா சொல்லணும். அதோட முடியலை, 14 வீடியோ துண்டுகளைப் போட்டுக் காட்டி, ஆபத்து எங்கே உருவாகுதுன்னு தெரிஞ்ச உடனே கிளிக் பண்ணச் சொல்றாங்க. நிறுத்தின பஸ்ஸுக்குப் பின்னாலயிருந்து ஒரு பையன் ஓடி வரப்போறான்னு முன்கூட்டியே கண்ணு கண்டுபிடிக்கணும். இங்கேயும் இது வந்தா எப்படி இருக்கும்! அண்ணன் மவுஸைப் பிடிச்சா அவருக்கே வேர்த்துடும்.

ஆனா ஸ்க்ரீன் சொல்லித் தர முடியாதது ஒண்ணு இருக்கு. இன்ஜினீயரிங் மூளையை வெச்சு ஒரு சின்னக் கணக்கு போட்டேன், ப்ளீஸ் ஓடிடாதீங்க. 40 கிலோமீட்டர் வேகம்னா நொடிக்கு 11 மீட்டர். ஆபத்தைப் பார்த்து கை பிரேக்குக்குப் போக ஒரு நொடின்னு வெச்சுக்கிட்டா, அதுக்குள்ளயே 11 மீட்டர் போயாச்சு. காஞ்ச ரோட்டுல உராய்வு 0.7-னு எடுத்தா, நிக்க இன்னும் 9 மீட்டர். மொத்தம் 20. அதே 60 கிலோமீட்டர் வேகத்துல? 37 மீட்டர்! மழை பெஞ்சு உராய்வு 0.4 ஆயிடுச்சுன்னா 50-ஐத் தாண்டுது. வேகம் ஒண்ணரை மடங்குதான் கூடுது, பிரேக் தூரம் ரெண்டேகால் மடங்கு கூடுது. இந்த ஃபார்முலாவை ப்ளஸ் ஒன்லயே படிச்சு முழு மார்க் வாங்கினவ நான். ரவுண்டானாவுல அது எங்கே போச்சு? கைக்குப் பழகாத வரைக்கும் அது வெறும் பேப்பர்தான்.

அதுக்குத்தான் அந்த 30 நாள். எல்.எல்.ஆர். எடுத்த அன்னிக்கே லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போக முடியாது, 30 நாள் ஆகணும். எல்.எல்.ஆர். செல்லுபடியாகறது 6 மாசம். நடுவுல இருக்கற காலம் பழகறதுக்குத்தான். நம்மாளுங்க அதை ‘வெயிட்டிங் டைம்’னு நினைச்சு, கடைசி ரெண்டு நாள் மட்டும் கிரவுண்டுல எட்டு போட்டுப் பார்த்துட்டுப் போறாங்க. கார்னா, மத்திய அரசு அங்கீகரிச்ச பயிற்சி மையங்களோட பாடத்திட்டத்தைப் பாருங்க: மொத்தம் 29 மணி நேரம், அதுல 8 மணி தியரி, 21 மணி பிராக்டிகல். விகிதத்தைக் கவனிச்சீங்களா?

இன்னொண்ணு. ‘எல்.எல்.ஆர். கூட இல்லாமத்தான் ஓட்டறேன், என்ன ஆயிடும்?’னு கேக்கற ஹீரோக்களுக்கு: பிடிபட்டா 5,000 ரூபாய் அபராதம். அது சின்ன விஷயம். யாரையாவது இடிச்சுட்டா, இன்ஷூரன்ஸ் கம்பெனி அவங்களுக்குக் கொடுத்த நஷ்டஈட்டை வண்டி ஓனர்கிட்ட திருப்பி வசூலிக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போடலாம். வண்டி யார் பேர்ல இருக்கு? அப்பா பேர்லதானே?

நான் மறுபடி அந்த வீடியோ பாடத்தை முதல்லயிருந்து பார்த்தேன், இந்தத் தடவை மேகி இல்லாம. காலையில ஆறு மணிக்கு எங்க சித்தப்பா பின்னால உட்கார்ந்துக்குவார், அவருக்கு லைசென்ஸ் இருக்கு. ரெண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க மட்டும் ஒரு வாரம் பழகினேன். எல் ஸ்டிக்கர் முன்னாலயும் பின்னாலயும் பளிச்சுன்னு இருக்கு. அம்மா அளந்து பார்த்துட்டு ஓகே சொல்லிட்டாங்க. அம்மா முதல் டெஸ்ட்ல எட்டு போடும்போது காலை ஊன்றிட்டாங்க, ரெண்டாவது தடவை லைசென்ஸ் வாங்கிட்டாங்க. இப்போ காய்கறி வாங்க அவங்கதான் காந்தி மார்க்கெட் போறாங்க, அப்பா பின்னால பையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்.

பெஞ்ச்மேட்டுக்குக் கட்டுப் பிரிச்சாச்சு. போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தா. என்கூட வண்டியில வர மாட்டேங்கறா. ஆனா அவளும் எல்.எல்.ஆருக்கு அப்ளை பண்ணப் போறாளாம், டெஸ்ட்டை எங்க வீட்டு லேப்டாப்லதான் எழுதுவாளாம். அம்மாவோட நோட்டைக் கேட்டு வாங்கிட்டுப் போயிருக்கா.

வெள்ளிக்கிழமைக்குள்ள திருப்பிக் கொடுத்துடுடி. சனிக்கிழமை எனக்கு டெஸ்ட்.