உயரம் எதை அளக்கிறது?

“கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே” என்றொரு பழமொழியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வகுப்பில் உயரம் குறைந்த மாணவன் ஒருவனைப் பார்த்து யாரோ இதைச் சொல்ல, மற்றவர்கள் சிரித்திருக்கவும் கூடும். ஒருவருடைய நேர்மைக்கும் உயரத்துக்கும் என்ன உறவு என்று அப்போது எவரும் கேட்பதில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் இடங்களிலோ இதே எண்ணம் சென்டிமீட்டர் கணக்கில் வந்து நிற்கிறது. உயரம் உண்மையில் எதை அளக்கிறது என்று பார்ப்போமா?

முதலில் எலும்பைக் கவனிப்போம். கை கால்களின் நீண்ட எலும்புகள் நடுப்பகுதியில் நீள்வதில்லை. அவற்றின் முனைகளுக்கு அருகே குருத்தெலும்பாலான மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது. இதற்கு வளர்ச்சித் தட்டு என்று பெயர். இதிலுள்ள செல்கள் பெருகி, அடுக்கி வைத்த காசுகளைப் போல வரிசையாக நின்று, பருத்து, பிறகு அந்த இடம் எலும்பாகிறது. பருவ வளர்ச்சி முடியும்போது தட்டும் எலும்பாகிவிடுவதால் அதற்குமேல் நாம் வளர்வதில்லை.

இவ்வளர்ச்சி அளவு மீறாமலிருக்க உடலில் பிரேக்குகளும் உண்டு. எஃப்.ஜி.எஃப்.ஆர்.-3 என்னும் மரபணு உண்டாக்கும் புரதம் அவற்றுள் ஒன்று. அம்மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிவிட்டால் போதும், பிரேக் பிடித்தது பிடித்தபடியே நின்றுவிடும். உடற்பகுதி ஏறக்குறைய வழக்கமான அளவில் இருக்க, கை கால்கள் மட்டும் குட்டையாகிவிடுகின்றன. அகோண்ட்ரோபிளேசியா எனப்படும் இந்நிலைக்குக் காரணமான மரபணுவை 1994-இல் கண்டறிந்தனர். இந்நிலையுடன் பிறப்பவர்களில் பத்துப் பேருக்கு எட்டுப் பேரின் பெற்றோர் சராசரி உயரம் உள்ளவர்களே. தற்செயலாக நேரும் மாற்றம் இது. தாய் கிரகணத்தைப் பார்த்ததாலோ முன்வினையாலோ வருவதன்று. முதுகெலும்பு, காது ஆகியவற்றில் தொல்லைகள் வரக்கூடுமாதலால் மருத்துவக் கவனிப்பு வேண்டும். ஆனால் அறிவுத்திறன் இதனால் குறைவதில்லை. மூளை வளர்ச்சித் தட்டுகளை நம்பியா வளர்கிறது?

உயரம் குறைவதற்கு வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு போன்ற வேறு காரணங்களும் உண்டு. எந்தக் குறைபாடும் இன்றி, குடும்ப வழியில் உயரம் குறைந்தவர்களே மிகப் பலர். வேலைக்கான உயர வரம்பு இவர்கள் எல்லோரையும் ஒருசேர வெளியே நிறுத்திவிடுகிறது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே சிறைக் காவலர் வேலைக்கு 5 அடி 2 அங்குல உயரமும் 120 பவுண்டு எடையும், அதாவது சுமார் 54 கிலோவும், இருக்க வேண்டும் என்பது விதி. எடை போதாதென்று ஒரு பெண்ணுக்கு வேலை மறுக்கப்படவே, அவர் வழக்குத் தொடர்ந்தார். அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. இவ்விரு வரம்புகளும் சேர்ந்து பெண்களில் 41 விழுக்காட்டினரை விலக்கின; ஆண்களிலோ ஒரு விழுக்காடு கூட விலக்கப்படவில்லை. “காவலருக்கு உடல் வலிமை வேண்டுமே” என்று மாநில அரசு வாதித்தது. வலிமைதான் வேண்டுமென்றால் வலிமையையே நேரடியாகச் சோதிக்கலாமே என்றது நீதிமன்றம். (வழக்கின் வேறொரு பகுதி, ஆண்கள் சிறையில் பெண் காவலர் பற்றியது, பெண்களுக்குப் பாதகமாகவே முடிந்தது.) இதில் அறிவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வெப்பத்தை அறிய வெப்பமானியைத்தான் வைப்போம். அளவுகோலை வைக்கமாட்டோம் அல்லவா?

விமானம் ஓட்டுவதற்கு உயரம் வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கால் மிதியை எட்ட வேண்டும், முன்கண்ணாடி வழியே பார்க்க வேண்டும். ஆனால் அதற்குக் காலின் நீளத்தையும், உட்கார்ந்த நிலையில் உயரத்தையும் அளக்க வேண்டும். நின்ற உயரம் இவற்றைச் சரியாகச் சொல்லாது. அமெரிக்க விமானப் படை 2020-இல் விமானிகளுக்கான 5 அடி 4 அங்குலம் என்ற குறைந்தபட்ச வரம்பைக் கைவிட்டது.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மருத்துவ அல்லது மரபணுக் காரணத்தால் 147 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் குறைவாக வளர்ந்தவர்களைத் தன் பட்டியலில் சேர்த்தது. அரசுப் பணியிடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கப்படும் 4 விழுக்காட்டில் இவர்களும் பங்கு கோரலாம்.

சட்டம் வந்தபின்னும் மனம் மாறுவதற்கு நாளாகிறது. 2018-இல் குஜராத் மாணவர் ஒருவர், ஏறத்தாழ மூன்றடி உயரமுள்ளவர், மருத்துவப் படிப்பு நுழைவுத் தேர்வில் தேறினார். இவ்வுயரத்தை வைத்துக்கொண்டு அவசர நோயாளிகளைக் கவனிக்க முடியாது என்று கூறி மருத்துவக் கவுன்சில் இடம் மறுத்தது. உயர் நீதிமன்றத்தில் அவருக்குத் தோல்வி. உச்ச நீதிமன்றம் சென்று அங்கே வென்று, 2019-இல் பாவ்நகர் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பை முடித்து, 2024-இல் அந்நகரின் அரசு மருத்துவமனையிலேயே பயிற்சி மருத்துவராக நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.