திரும்ப அழைக்கப்படும் ஊர்திகள்

விற்ற ஊர்தியில் குறையுண்டெனப் பின்னர் அறியவரும் உற்பத்தியாளர், அதனை வெளிப்படையாக அறிவித்துக் கட்டணமின்றிச் செப்பனிட்டுத் தருவதை ‘ரீகால்’ என்பர். நாளேடுகள் இதனைத் ‘திரும்பப் பெறுதல்’ என எழுதுகின்றன. அச்சொல்லைக் கேட்டவர், வண்டியே பறிபோய்விடுமோ என அஞ்சுவது இயல்பே. ‘திரும்ப அழைத்தல்’ என்பதே பொருந்தும் எனத் தோன்றுகிறது. பெரும்பாலும் பழுதான உறுப்பு மட்டும் மாற்றப்பட்டு, வண்டி உரியவரிடமே மீள்கிறது.

2021 மே மாதத்தில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு நிறுவனம், இந்தியாவிலும் தாய்லாந்து, மலேசியா முதலிய நாடுகளிலும் விற்ற 2,36,966 மோட்டார் சைக்கிள்களை இவ்வாறு அழைத்தது. 2020 டிசம்பருக்கும் 2021 ஏப்ரலுக்கும் இடையில் உருவான புல்லட், கிளாசிக், மீட்டியார் முதலிய வண்டிகள் அவை. குறை இருந்த இடம் இக்னிஷன் காயில் எனப்படும் தீப்பொறிச் சுருள். பேட்டரி தரும் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி, ஸ்பார்க் பிளக்கில் பொறி எழச் செய்வது இதுவே. இதன் மின்காப்பு குன்றினால் மின்சாரம் தன் வழியை விட்டு வேறு வழி தேடும், எஞ்சின் திணறும், அரிதாக மின்கசிவும் நேரும். பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான வண்டிகளுக்கே மாற்றம் தேவைப்படும் என நிறுவனம் மதிப்பிட்டது. எனினும், அந்த ஒன்று எது என்பதைச் சோதித்தாலன்றி அறிய இயலாது.

அதே ஆண்டு செப்டம்பரில் மாருதி சுசுகி நிறுவனம் 1,81,754 கார்களை, மோட்டார் ஜெனரேட்டர் என்னும் மின்னுறுப்பைச் சோதிப்பதற்காக அழைத்தது. பணி நவம்பரில் தொடங்கும் என அப்போது அறிவித்தது. அதுவரை நீர் தேங்கிய பகுதிகளில் ஓட்ட வேண்டா என்றும் அறிவுறுத்தியது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயலும் சாலையும் ஒன்றாகத் தோன்றும் கீழ்வேளூர் வட்டத்தார், நாகப்பட்டினத்திற்கோ திருவாரூருக்கோ செல்ல இவ்வறிவுரையைக் கடைப்பிடிப்பது எங்ஙனம்?

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, 2021 ஏப்ரல் 1 முதல், குறையுடைய ஊர்திகளைத் திரும்ப அழைக்குமாறு ஆணையிடும் அதிகாரத்தை மைய அரசுக்கு அளித்துள்ளது. ஆயினும் சட்டமும் அறிவிப்பும் சென்று சேர வேண்டிய கதவு ஒன்றுண்டு. கடிதம் பதிவேட்டிலுள்ள பெயருக்கும் முகவரிக்குமே செல்லும். நம் சிற்றூர்களிலோ வண்டி இருவர் மூவர் கைமாறிய பின்னும், பதிவுச்சான்று முதல் உரிமையாளர் பெயரிலேயே கிடக்கிறது. அறிவிப்பு எங்கோ ஒரு வீட்டில் பிரிக்கப்படாமல் கிடக்க, குறை இங்கே சாலையில் ஓடுகிறது. பெயர் மாற்றத்திற்கு வாங்கியவர் 30 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்னும் விதியை வரி பற்றியதாக மட்டும் கருதுவது பிழை. அஃது உயிர் பற்றியதும் ஆகும்.

கடைத்தெருவில் தானியக் குவியலுள் கையை நுழைத்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் கண்டு வினவினார்கள் என்றும், மழையில் நனைந்தது என வணிகர் கூற, வாங்குவோர் காணுமாறு அதனை மேலே வைத்திருக்கலாகாதா எனக் கேட்டார்கள் என்றும் முஸ்லிம் நபிமொழித் தொகுப்பு உரைக்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் மிகுந்ததென நெல்லைத் திருப்பியெடுத்து வந்த உழவர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். குறை நேர்ந்ததனினும் அதனை மறைத்ததே குற்றம். பழைய வண்டியை விற்பவர்க்கும் இது பொருந்தும். தமக்கு வந்த அறிவிப்பை வாங்குபவரிடம் சேர்ப்பிப்பது அவர் கடமை.

பழைய வண்டி வைத்திருப்போர், பதிவுச்சான்றிலும் வண்டியின் சட்டகத்திலும் உள்ள 17 இலக்க சேசிஸ் எண்ணை, நிறுவனத்தின் இணையதளத்திலோ அங்கீகாரம் பெற்ற பணிமனையிலோ கொடுத்துக் கேட்கலாம். உத்தரவாதக் காலம் முடிந்ததா என்பது இங்குக் கேள்வியன்று. ஊர் மெக்கானிக் திறமையாளரே. ஆனால் ஒயரில் டேப் சுற்றியோ, கனத்த பியூஸ் இட்டோ வண்டியை ஓடச் செய்வதால், பிறப்பிலேயே பழுதான உறுப்பு நலம் பெறுவதில்லை. மாற்றிய பின், எந்த உறுப்பு மாற்றப்பட்டது என்பதைக் குறிக்கும் பணிச்சீட்டைக் கேட்டுப் பெற்று, பதிவுச்சான்றுடன் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி அடுத்தவர் கைக்குப் போகும்போது அதுவும் உடன் செல்லட்டும்.