சைக்காலஜி படிச்சாச்சு... அடுத்து?

'பொண்ணு எம்.எஸ்ஸி. சைக்காலஜி முடிச்சுட்டா. கிளினிக் வைக்கலாமா?' - பல பெற்றோரின் கேள்வி இது.

அவசரப்படாதீர்கள்! ஸ்கூல் கவுன்சலர், கம்பெனியில் மனிதவளத் துறை போன்ற வேலைகளுக்கு இந்தப் படிப்பே கைகொடுக்கும். ஆனால், மனநோயாளிகளுக்கு சிகிச்சை தரும் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' ஆக, ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பு வேண்டும் என்கிறது, 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? 'மனசே சரியில்லை' என்று வருபவருக்கு தைராய்டு கோளாறு இருக்கலாம். தற்கொலை எண்ணமும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் திறமை, ஆஸ்பத்திரியில் சீனியர்களின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழகினால்தான் வரும். அப்போதும் மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலைதான்.

ஃபீஸ் கட்டும் முன், ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். இல்லையென்றால் பணமும் போச்சு, வருஷமும் போச்சு!